லத்தி அடியும் காவல் நிலையக் காயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல் நிலையத்திலோ கூட்டத்திலோ போலீஸ் அடித்துக் காயம்பட்டவர்கள், அவர்களின் வீட்டார், கூட ஓடும் வழக்கறிஞர்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்க்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எலும்பு முறியவில்லை, தலையில் அடியில்லை, ரத்தமும் பெரிதாகப் போகவில்லை. பிறகு எப்படி இரண்டு நாளில் உயிர் போகிறது?

"சதையில்தானே அடிச்சோம்" என்பது காவல் நிலையங்களில் சொல்லப்படும் பழைய சமாதானம். ஆபத்து இருப்பதே அந்தச் சதையில்தான். தொடையும் பிட்டமும் உடம்பின் மிகப் பெரிய தசைகள். லத்தியாலோ பைப்பாலோ அங்கே அடி மேல் அடி விழும்போது தோல் கிழியாமலே உள்ளே தசை நார்கள் நசுங்கிச் சாகின்றன. செத்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கலக்கின்றன. மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. அடிபட்ட தசைக்குள் நீரும் ரத்தமும் தேங்கிவிடுவதால் ரத்த ஓட்டத்தில் நீர் குறைந்து சிறுநீரகம் மேலும் கெடுகிறது. காவலில் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தால் இது வேகமாக நடக்கும்.

அடிபட்ட அன்று நடந்து போனவர் மறுநாளோ மூன்றாம் நாளோ சிறையில் சுருண்டு விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். "நெஞ்சுவலியால் இறந்தார்" என்று செய்தி வருவதும் உண்டு. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றால் வெளியே பார்ப்பவருக்கு அது மாரடைப்பு போலத்தான் தெரியும்.

அடியே இல்லாமலும் இது வரும். நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடவைப்பது, மணிக்கணக்கில் முட்டி போடவைப்பது, வெயிலில் ஓடவிடுவது எல்லாமே தசையைச் சிதைக்கக்கூடியவை.

எதைப் பார்த்து உஷாராக வேண்டும்?

சிறுநீரைப் பாருங்கள். கடுங்காப்பி நிறத்தில் வந்தாலோ, எட்டு மணி நேரத்துக்கும் மேல் சிறுநீரே வராவிட்டாலோ, மிகக் குறைவாக வந்தாலோ காத்திருக்க வேண்டாம். நிறம் மாறாமலும் பாதிப்பு இருக்கலாம் என்பதால், தொடை, பிட்டம், முதுகில் பரவலாக அடிபட்ட எவருக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். குமட்டல், தசை பலவீனம், படபடப்பு, மூச்சு வாங்குவது, மயக்கம் ஆகியவையும் அபாய அறிகுறிகள்.

மருத்துவமனையில் என்னென்ன பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்?

சி.பி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி), யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை, ஈ.சி.ஜி. ஆகிய ஆறும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். சி.பி.கே. சாதாரணமாக 200 யூனிட் வரை இருக்கும். 1,000-ஐத் தாண்டினால் தசைச் சிதைவு என்று வைத்துக்கொள்ளலாம். 5,000-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. பல நேரம் அது பத்தாயிரங்களில் இருக்கும். அடிபட்டு 12 மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் தொடும். முதல் சில மணி நேரத்தில் எடுத்த ஒரு ரிசல்ட் சாதாரணமாக வந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் 'ரத்தம் உண்டு' என்று காட்டும். அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. இந்த முரண் மயோகுளோபினின் அடையாளம். சி.பி.கே. வசதி இல்லாத தாலுகா மருத்துவமனையிலும் இதைச் செய்ய முடியும். மேல் மருத்துவமனைக்கு அனுப்ப இதுவே போதுமான காரணம்.

சிகிச்சை நரம்பு வழி நார்மல் சலைன்தான். மணிக்கு 200 முதல் 300 மில்லி சிறுநீர் வரும் அளவுக்கு ஏற்றுவார்கள். அதை அளக்க டியூப் போட்டு மணிக்கொரு முறை குறிக்க வேண்டும். முதியவர், இதய நோயாளி, சிறுநீர் ஏற்கெனவே நின்றுபோனவர் ஆகியோருக்கு இதே வேகத்தில் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினாலோ, சிறுநீர் வராமலே இருந்தாலோ டயாலிசிஸ் தேவைப்படலாம். டயாலிசிஸ் என்றதும் வீட்டார் பயந்துவிடுகிறார்கள். நேரத்தில் தொடங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்.

அதுவரை இளநீர் கொடுக்கலாமா? வலி ஊசி போடலாமா?

இரண்டும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அடிபட்டு வந்தவருக்குத் தெம்புக்கு என்று இரண்டு மூன்று இளநீர் கொடுப்பது நம் ஊரில் இயல்பு. இந்த ஒரு நிலையில் அது ஆபத்து. பழச்சாறும் அப்படியே. நினைவு தெளிவாக இருந்து வாந்தி இல்லை என்றால் வெறும் தண்ணீர் போதும்.

டைக்லோஃபெனாக் ஊசிதான் பெரும்பாலான கிளினிக்குகளில் முதலில் போடப்படுகிறது. ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். வீக்கத்தை எண்ணெய் போட்டு நீவிவிடுவதும் கூடாது.

காலோ கையோ வீங்கி இறுகிப் போயிருக்கிறது. நாடி துடிக்கிறதே, பரவாயில்லையா?

நாடி இருப்பதால் நிம்மதி அடைய வேண்டாம். தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் கூடி அழுத்தம் ஏறினால் நுண்குழாய்களில் ரத்தம் நின்றுவிடும். பெரிய தமனியில் நாடி அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டத்தில்தான் அது அடங்கும். வெளிக்காயத்துக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி, கால் விரலை வேறொருவர் மெல்ல மேலே மடக்கும்போது உயிர் போகும் வலி, விரலிடுக்கில் மரத்துப்போவது ஆகியவைதான் நம்ப வேண்டிய அறிகுறிகள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் உறையைக் கிழித்து அழுத்தத்தை இறக்காவிட்டால் தசையும் நரம்பும் நிரந்தரமாகச் செத்துவிடும். வீங்கிய கையில் இறுக்கமாக மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினால் இதே நிலை கட்டுக்குள்ளேயே உருவாகும்.

காயத்தைப் பார்த்தே லத்தி அடி என்று சொல்ல முடியுமா?

பல நேரம் முடியும். உருண்டையான தடியால் வேகமாக அடித்தால் தோலில் இரண்டு இணைகோடுகள் சிவந்து தெரியும், நடுவே வெளுத்திருக்கும். தடி பதிந்த இடத்து ரத்தம் இருபுறமும் தள்ளப்பட்டு, விளிம்புகளில் நுண்குழாய்கள் கிழிவதால் இந்த வடிவம் வருகிறது. தண்டவாளக் காயம் என்று இதைச் சொல்வார்கள். கீழே விழுந்தால் இப்படி ஏற்படாது. இரு கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ தடியின் பருமனைக் காட்டும். அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதும் மருத்துவர் பின்னால் நீதிமன்றத்துக்குப் பெரிய உதவி செய்கிறார்.

எந்த இடத்தில் காயம் என்பதும் பேசும். விழுந்தவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது முட்டி, முழங்கை, நெற்றி, உள்ளங்கை ஆகியவற்றில் சிராய்ப்பு இருக்கும். பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் வரிவரியாக இருந்தால் விழுந்த கதை நிற்காது.

நிறத்தை வைத்து நாள் கணக்கிடுவதில் கவனம் வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பாடநூலில் வரிசை இருந்தாலும் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது மஞ்சள் மட்டும்தான். மஞ்சள் தெரிந்தால் காயம் ஏற்பட்டு குறைந்தது 18 மணி நேரம் ஆகியிருக்கும். கறுத்த தோலில் கன்றல் எளிதில் கண்ணுக்குப் படாது. ஆழத்தில் இருப்பது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மேலே வரும். முதல் நாள் "காயம் எதுவும் இல்லை" என்று எழுதியதோடு நிறுத்தாமல் 48 மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தொட்டால் வலிக்கும் இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்கிறார்கள். எக்ஸ்ரே என்ன சொல்லும்?

மாவுக்கட்டோடு கைதியின் படம் வெளிவருவதும், அதை ஊரே சிரித்துப் பகிர்வதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான் காவல் நிலையக் கழிப்பறை வழுக்குமா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-இல் கேட்டது.

வழுக்கி விழுபவர் கையை ஊன்றுகிறார். பெரியவர்களுக்கு அப்போது முறிவது வழக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆர எலும்பின் அடிமுனை. சிலருக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறியும், வயதானவர்களுக்கு இடுப்பு. முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பு மட்டும் நடுவில் குறுக்காக முறிந்திருந்தால், தலையைக் காக்கக் கையை உயர்த்தியபோது விழுந்த அடியை முதலில் சந்தேகிக்க வேண்டும். புறங்கை விரல் எலும்புகளின் முறிவும் அப்படியே. வலது கையும் இடது காலும் ஒரே நேரத்தில் நடுவே முறிந்து, முட்டியிலோ முழங்கையிலோ ஒரு சிராய்ப்புக்கூட இல்லை என்றால் அதை வழுக்கலால் விளக்குவது கடினம்.

இன்னொரு கதை, தப்பியோடும்போது பாலத்திலிருந்து குதித்தார் என்பது. உயரத்திலிருந்து காலூன்றிக் குதித்தவருக்கு அடி படுவது குதிகால் எலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும். இரண்டும் சுத்தமாக இருந்து முழங்காலுக்குக் கீழே நடுத்தண்டு மட்டும் உடைந்திருந்தால் மருத்துவர் அதைக் குறிப்பில் எழுத வேண்டும். எக்ஸ்ரே படத்தையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் 'எலும்பு முறிவு' என்று ஒரு வரிதான் இருக்கும், வடிவம் இருக்காது.

லாடம் கட்டினார்கள். பாதத்தில் எதுவும் தெரியவில்லையே?

உள்ளங்காலில் அடிப்பதன் நோக்கமே அதுதான். அந்தத் தோல் தடிமனானது, தடம் சீக்கிரம் மறையும். முதல் சில நாட்களில் பாதக் குழிவில் கன்றல் இறங்கியிருக்கும், குதிகால் மெத்தை வீங்கியிருக்கும். பிறகு அந்த மெத்தை தட்டையாகிப் போய், வெறுங்காலில் நடந்தால் எலும்பு தரையில் இடிப்பதாகச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பாதத் தசைநார்ப் பட்டை தடித்திருப்பது தெரியலாம். ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் சித்திரவதை நடக்கவில்லை என்று ஆகாது. சித்திரவதையைப் பதிவு செய்வதற்கான ஐ.நா.வின் வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை இதைச் சொல்கிறது.

கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தால், கையைத் தூக்க முடியாமை, மரத்துப்போவது, தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்துவது ஆகியவற்றைப் பாருங்கள். தோள் நரம்புப் பின்னல் இழுபட்டதன் அடையாளம் அவை.

கன்னத்தில் அறைந்ததில் காது கேட்கவில்லை.

செவிப்பறை கிழிந்திருக்கலாம். காது மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும், ஏனென்றால் புதிய கிழிசலின் விளிம்பு ஒழுங்கற்று ரத்தக்கறையோடு இருக்கும். சில வாரம் போனால் பழைய காதுச் சீழ் நோயின் ஓட்டை என்று எதிர்த்தரப்பு வாதிடும். தண்ணீரோ எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாமல் உலர்வாக வைத்தால் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானே மூடும். கேட்புத்திறன் சோதனையை இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை எடுங்கள்.

பல் உடைந்தாலோ பிடுங்கப்பட்டாலோ அது சட்டப்படி கொடுங்காயம். விசாரணைக்குப் போனவர்களின் பற்களைப் போலீஸ் பிடுங்கியதாக 2023-இல் அம்பாசமுத்திரம் விவகாரம் வெளிவந்தபோது பல் மருத்துவரின் பதிவு எவ்வளவு முக்கியம் என்று பலருக்கும் தெரிந்தது.

தலையிலும் வயிற்றிலும் பட்ட அடி?

சுருக்கமாக: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், ஒரு கண்மணி மட்டும் விரிவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சிடி ஸ்கேன். குடிப்பழக்கம் உள்ளவர் உளறினால் "சரக்கு இறங்குகிறது" என்று லாக்கப்பில் விட்டுவிடுவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. மூளை உறைக்குக் கீழே ரத்தம் கசிந்தாலும் அதே உளறல்தான் இருக்கும். இடது விலாவில் உதை வாங்கியவருக்கு இடது தோளில் வலி வந்தால் மண்ணீரல் கிழிந்திருக்கக்கூடும். விரையில் உதைபட்டு வீங்கினால் சில மணி நேரத்துக்குள் ஸ்கேன். கூச்சப்பட்டு மறைத்ததால் விரையை இழந்தவர்கள் உண்டு.

ஏ.ஆர். காப்பி என்றால் என்ன? அதில் என்ன எழுதப்பட வேண்டும்?

அரசு மருத்துவமனையில் காயத்தோடு வருபவரின் விவரத்தை விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. வழக்கு முழுவதும் இந்த ஒற்றைத் தாளைச் சுற்றியே நடக்கும். யார், எதனால், எங்கே, எத்தனை மணிக்குத் தாக்கினார்கள் என்று காயம்பட்டவர் சொல்வதை மருத்துவர் அப்படியே எழுத வேண்டும். "இந்தக் காவல் நிலையத்தில், இத்தனை போலீஸார், லத்தியால், இரவு இத்தனை மணி முதல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பதவியும் அடையாளமும் போதும். பயந்துபோய் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லி அது ஏறிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

கூட வந்த காவலரை அறைக்கு வெளியே நிற்கச் சொல்ல மருத்துவருக்கு உரிமை உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தனியார் மருத்துவமனை "இது போலீஸ் கேஸ், எடுக்க மாட்டோம்" என்றால், அவசர நிலையில் சிகிச்சைதான் முதலில் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் எழுதி, அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. பெண்களைப் பெண் மருத்துவரோ அவர் மேற்பார்வையிலோ பரிசோதிக்க வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை என்பது 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த டி.கே. பாசு தீர்ப்பின் கட்டளை.

ரிமாண்டுக்கு முன் மருத்துவர் நன்றாக இருப்பதாகச் சான்று கொடுத்துவிட்டார். இனி என்ன?

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19 அன்று இரவு அடிபட்டார்கள். மறுநாள் மருத்துவச் சான்றும் ரிமாண்ட் உத்தரவும் கிடைத்து கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார்கள். மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை அதிகாரி என்று மூன்று இடங்களில் தடுத்திருக்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் "ஏதாவது புகார் உண்டா" என்று கேட்கும்போது வாய்திறந்து சொல்லி, சட்டையைக் கழற்றிக் காட்டலாம். நடக்க முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். வழக்கறிஞர் அங்கேயே மருத்துவப் பரிசோதனை கோரி மனு கொடுக்கலாம். சிறையில் சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனையிலும் ஒவ்வொரு காயமும் பதிவாக வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்.

வீட்டில் இருந்தபடி என்ன ஆதாரம் சேகரிக்கலாம்?

பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முதலில் முகத்தோடு முழு உடல், பிறகு காயம் இருக்கும் பகுதி, பிறகு பக்கத்தில் ஸ்கேல் வைத்து நெருக்கமாக. ஸ்கேல் இல்லாவிட்டால் ஒரு நாணயம். ஒரு வாரம் தினமும் எடுத்தால் நிறம் மாறுவது தெரியும். ஃபில்டர் போடவோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழிக்கவோ கூடாது. ரத்தம் படிந்த துணியைத் துவைக்காமல் நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் பூஞ்சை பிடித்துவிடும்.

சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுத்தில் மனு கொடுங்கள். காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வரை வைத்திருக்கும் வசதி வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்திலோ பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது.

கண்ணீர்ப் புகை, துப்பாக்கிச் சூடு?

புகை வந்தால் காற்று வரும் திசையை நோக்கி நடந்து வெளியேறுங்கள். கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடமாவது கழுவுங்கள், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், மேலாடையை மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பு அடங்காவிட்டால் மருத்துவமனைதான். புகையைவிடக் குண்டின் உலோகக் கூடு நேராகத் தலையில் படுவது மோசம்.

தோட்டாக் காயத்தில் துணியை வைத்து இரு கையாலும் அழுத்திப் பிடித்தபடியே கொண்டுபோக வேண்டும். ஆடையை வெட்டும்போது ஓட்டை உள்ள இடத்தை விட்டு வெட்டுங்கள். எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறியது என்பதை ஆடையும் காட்டும். 2018 மே 22, 23 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தில் இந்தக் கேள்விக்குப் பெரிய எடை இருந்தது.

இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனையில் எதைக் கேட்க வேண்டும்?

காவல் மரணத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். வீடியோ பதிவு கட்டாயம். உடலைப் பரிசோதனைக்கு முன் பார்க்க வீட்டார் கோரலாம். முதுகு, பிட்டம், தொடை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் தோலைக் கீறி உள்ளே பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வெளியே தெரியாத ஆழ்ந்த கன்றல் அப்போதுதான் வெளிப்படும். சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். குழாய்களில் மயோகுளோபின் அடைப்பு இருந்தால் பட்ட அடிக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு நேராக நிற்கும். 'இதயம் நின்றதால் மரணம்' என்ற வரி காரணமே அல்ல, எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூனில் இறந்தபோது 44 காயங்கள் ஒவ்வொன்றாகப் பதிவானதால்தான் உயர் நீதிமன்றம் உடனே கேள்வி கேட்க முடிந்தது.

1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் தடியடி நடந்தது. தாமிரபரணியில் இறங்கி ஓடியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். நீரில் மூழ்கியது மரணக் காரணமாக இருக்கலாம். ஆற்றுக்குள் விரட்டியது யார் என்பதைப் பிரேதப் பரிசோதனை சொல்லாது, அதைச் சாட்சிகள்தான் சொல்ல வேண்டும்.

எந்தக் காயத்துக்கு என்ன பிரிவு? எவ்வளவு நாளுக்குள் புகார்?

எலும்பு அல்லது பல் முறிவு, ஒரு காதின் நிரந்தரக் கேட்பிழப்பு, 15 நாள் கடும் வலியில் கிடப்பது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதா 116-இன்படி கொடுங்காயம். பழைய சட்டத்தில் அது 20 நாள். வாக்குமூலம் வாங்க அடித்தால் 120ஆம் பிரிவு: சாதாரணக் காயத்துக்கு 7 ஆண்டு வரை, கொடுங்காயத்துக்கு 10 ஆண்டு வரை சிறை. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்பது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். 1993-இன் நீலாபதி பெஹரா தீர்ப்பு அதற்கு அடிப்படை.

மாதங்கள் கடந்துவிட்டன. இனி மருத்துவரிடம் போய்ப் பயனுண்டா?

உண்டு. பழைய முறிவின் எலும்புத் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியும். கேட்புத்திறன், நரம்புக் கடத்தல் சோதனை, பாத ஸ்கேன் ஆகியவற்றை இப்போதும் எடுக்கலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் கிரியாட்டினினையும் ரத்த அழுத்தத்தையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். காக்கி உடையைக் கண்டாலே நடுங்குவது, தூங்க முடியாமை, திடுக்கிட்டு எழுவது ஆகியவற்றுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு போட்டுப் பதிவு செய்யுங்கள். மாத்திரையும் ஆலோசனையும் அங்கே இலவசம். அந்த ஓ.பி. சீட்டையும் வழக்கில் தாக்கல் செய்யலாம்.